கால் தெரியாத ஜன்னல்

மருந்து கொடுக்கும் ஜன்னலின் கீழ்ச்சுவர் நெஞ்சு உயரத்துக்கு இருக்கும். உள்ளே நிற்பவனுக்கு, வெளியே நிற்பவரின் முகமும் கையும்தான் தெரியும். 1990 முதல் 2022 வரை, திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள அரச ஆஸ்பத்திரிகளில் மருந்தாளராக அப்படிப்பட்ட ஜன்னல்களுக்குப் பின்னால் நின்றவன் நான். முகம் மறந்தாலும் கை மறக்காது. வலைக்கயிறு அறுத்துத் தழும்பேறிய கை, சீனன்குடா மா ஆலையில் மூட்டை சுமந்த கை, தம்பலகாமத்து வயலில் களை பிடுங்கிய கை. கிளினிக் கொப்பி நீட்டும் விரல் நடுங்கினால் ஏனென்று கேட்பேன். சிரிக்கும்போது முரசு தடித்துத் தெரிந்தால், வலிப்புக்குப் பெனிற்றோயின் எடுப்பவர் என்று மருந்துத் துண்டைப் பார்க்காமலே சொல்வேன். கால்களை மட்டும் நான் பார்த்ததில்லை. அந்தக் குறை எனக்குத் தெரியவர 13 வருடங்கள் ஆயின.

வலிப்புக்கு மருந்தெடுப்பவர்கள் மாதம் ஒருமுறை வருவார்கள். இருபது வயதில் தொடங்கியவர் அறுபதிலும் வந்துகொண்டிருப்பார். கிண்ணியாக்காரர்கள் அந்தக் காலத்தில் பாதை என்ற மிதவையில் ஏறி ஆற்றைக் கடந்து வருவார்கள். மூதூர்க்காரர்கள் கொட்டியாரக்குடாவைப் படகில் கடந்து வருவார்கள். கடல் கொந்தளித்தாலோ, சண்டை மூண்டாலோ கிளினிக் நாள் தவறிப்போகும். 2006 ஆகஸ்டில் மூதூர் முழுவதும் கந்தளாய்ப் பக்கம் இடம்பெயர்ந்தபோது, கொப்பியை விட்டுவிட்டு ஓடிவந்தவர்கள் குளிசையை நிறமும் அளவும் சொல்லித்தான் கேட்டார்கள். "இரவைக்குப் போடுற சின்ன வெள்ளைக் குளிசை" என்றால் பெரும்பாலும் பீனோபார்பிற்றோன். வீடு, மாடு, நகை எல்லாம் போன நேரத்திலும் அந்தக் குளிசை தப்பக்கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்களுடைய கேள்வியும் ஒன்றே ஒன்றாக இருந்தது. "இந்த மாதம் வலிப்பு வந்ததோ?" வரவில்லை என்றால் அதே மருந்து, அதே அளவு. எண்ணும் தட்டில் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணி, உறையில் போட்டு, அடுத்தவரைக் கூப்பிடுவோம்.

வலிப்பு நின்றால் போதும் என்று நினைத்தோம். அது சின்ன விஷயமும் அல்ல. வலிப்பு அடங்காத ஒருவருக்குத் துறைமுக ஊரில் வாழ்க்கை என்னவாகும் என்று வெளியூராருக்குச் சொன்னால்தான் விளங்கும். கடலுக்குப் போக விடமாட்டார்கள். கிணற்றடியில் தனியே நிற்க விடமாட்டார்கள். தென்னையில் ஏறக்கூடாது, சைக்கிள் ஓடக்கூடாது, அடுப்படியில் பெண்ணைத் தனியே விடக்கூடாது. வீட்டுக்காரர் பயத்தால் செய்வதுதான், பிழை சொல்ல முடியாது. ஆனால் அப்படிப் பார்த்துப் பார்த்து ஒருவரை வீட்டு விறாந்தையிலேயே இருத்திவிடுகிறார்கள். வருடம் முழுக்க வெயில் கொட்டும் ஊரில், வெயிலே படாமல் ஒருவர் முப்பது வருடம் இருந்துவிடுவார்.

அப்படி இருந்தவர்களில் ஒருவர் வலை பொத்துகிறவர். குடும்பமே கடற்தொழில். இவருக்கு இருபது வயதில், 1980 இல், வள்ளத்தில் வைத்தே வலிப்பு வந்தது. அன்றோடு கடல் முடிந்தது. தம்பிமார் கரைக்குக் கொண்டுவரும் வலைகளை வாடிக்குள் இருந்து பொத்திக் கொடுப்பார். பெனிற்றோயினும் பீனோபார்பிற்றோனும் எடுத்தார். ஒரு மாதமும் தவறமாட்டார். கொப்பியின் அட்டைக்குப் பழைய கலண்டர்த் தாள் போட்டு, வலைநூலால் கட்டியிருப்பார். எங்கள் கணக்கில் அவர் வெற்றி பெற்ற நோயாளி. ஆறு வருடமாக வலிப்பே இல்லை.

2003 இல் ஒருநாள் மின்சாரம் நின்று, உள்ளே இருட்டாகிவிட்டது. கொப்பிகளைத் திரட்ட நான் வெளிநடைக்கு வந்தேன். அப்போதுதான் அவர் நடந்து வருவதைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் இடுப்பு மாறிமாறிச் சரிய, கால்களை அகட்டி வைத்து, தாரா நடப்பதுபோல வந்தார். வாங்கில் இருந்து எழும்பும்போது இரண்டு கையாலும் தொடையை ஊன்றி, உடம்பைத் துண்டுதுண்டாக மேலே ஏற்றினார். அவருக்கு அப்போது 43 வயது.

என் முதல் நினைப்பு பிழையாகப் போனது. பெனிற்றோயின் இரத்தத்தில் கூடினால் நடை தள்ளாடும், கண் துடிக்கும், பேச்சுக் குழறும். வெறிகாரன் நடைபோல இருக்கும். அதுதான் என்று எண்ணி, டொக்டருக்குத் துண்டில் குறித்து அனுப்பினேன். அளவைக் குறைத்துப் பார்த்தார்கள். நடை மாறவில்லை. தள்ளாட்டம் வேறு, தாரா நடை வேறு. தள்ளாடுகிறவருக்குப் பலம் இருக்கும், சமநிலை இருக்காது. இவருக்குச் சமநிலை இருந்தது, இடுப்பிலும் தொடையிலும் பலம் இல்லை. அந்த வித்தியாசத்தை அன்றைக்கு எனக்குச் சொல்லித்தர யாரும் இருக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, வாடி வாசலில் படி இறங்கும்போது தொடை எலும்பு முறிந்தது. விழவில்லை. முறிந்த பிறகுதான் விழுந்தார். வலிப்பு வந்து விழுந்திருப்பார் என்றுதான் வார்ட்டில் முதலில் எழுதினார்கள். அவர் திரும்பத்திரும்பச் சொன்னார், "இல்லை ஐயா, எனக்கு நினைவு இருந்தது. சத்தம்கூடக் கேட்டது." அப்போது அங்கே பயிற்சிக்கு வந்திருந்த ஓர் இளம் டொக்டர் அந்தச் சொல்லைக் காதில் வாங்கினார். இரத்தத்தில் கல்சியம் குறைவு, அல்கலைன் பொஸ்பற்றேஸ் மிகக் கூட. வெளியே அனுப்பிப் பார்த்ததில் விற்றமின் டி அடிமட்டத்தில் கிடந்தது. எலும்பு மெலிந்து இளகியிருந்தது.

நான் அவருடைய கட்டிலருகே போய் நின்று கேட்டேன். "அண்ணை, எவ்வளவு காலமா இப்பிடி?"

"குந்தி எழும்ப ஏலாமல் போய் ரெண்டு வருசம் இருக்கும், ஐயா. கக்கூசில கயிறு கட்டித் தொங்கிப் பிடிச்சுத்தான் எழும்புறனான்."

இரண்டு வருடம் என்றால் 24 மாதம். 24 முறை என் ஜன்னலில் நின்றிருக்கிறார். ஒவ்வொரு முறையும் நான் அவருடைய வலிப்பைக் கேட்டிருக்கிறேன்.

என்ன நடந்தது என்பதை இங்கே விளக்கிவிட வேண்டும். வெயில் தோலில் படும்போது உண்டாகும் விற்றமின் டி, ஈரலுக்கும் பிறகு சிறுநீரகத்துக்கும் போய் வேலை செய்யும் வடிவத்துக்கு வரும். அது இருந்தால்தான் குடல் உணவிலிருந்து கல்சியத்தை எடுக்கும். விற்றமின் டி போதிய அளவு இருந்தால் சாப்பிட்ட கல்சியத்தில் 30 முதல் 40 வீதம் உள்ளே போகும். இல்லாவிட்டால் 10, 15 வீதம்தான். பீனோபார்பிற்றோன், பெனிற்றோயின், காபமசெபின் ஆகிய மூன்றும் ஈரலில் உள்ள நொதிகளை முடுக்கிவிடுகிறவை. முடுக்கப்பட்ட ஈரல் மருந்தை மட்டும் உடைப்பதில்லை, விற்றமின் டியையும் வேகவேகமாக உடைத்துத் தள்ளிவிடுகிறது. இரத்தத்தில் கல்சியம் குறைந்தால் இதயமும் நரம்பும் தாங்காது. அதனால் உடம்பு எலும்பிலிருந்து கடன் எடுக்கும். வல்புரோவேற் ஈரலை இப்படி முடுக்குவதில்லை. ஆனாலும் நீண்ட காலம் எடுத்தவர்களிடம் எலும்பு குறைவதைக் கண்டிருக்கிறார்கள்.

துறைமுகத்தில் சீமெந்துத் தொழிற்சாலை இருக்கும் ஊர் எங்களுடையது. கொங்கிறீற் தெரியாத ஆளில்லை. ஆகவே நான் இப்படிச் சொல்லுவேன். எலும்புக்குள் கம்பியும் உண்டு, சீமெந்தும் உண்டு. புரதநார் கம்பி, கல்சியமும் பொஸ்பரசும் சேர்ந்தது சீமெந்து. விற்றமின் டி இல்லாமல் போனால் கம்பி இருக்கும், சீமெந்து பிடிக்காது, தூண் வளையும். வலை பொத்துகிறவருக்கு வந்தது அது. வயது போனவர்களுக்கு வருவது இன்னொன்று: கலவை சரி, ஆனால் தூணே மெல்லிசாகி, உள்ளே பொந்து விழுந்திருக்கும். நீண்ட கால வலிப்பு மருந்து இரண்டுக்கும் வழிவிடும். முன்னதைப் பிடித்துவிட்டால் பெரும்பாலும் திருத்தலாம். பின்னதில் போனதை முழுவதும் மீட்பது கடினம், மேலும் போகாமல் தடுக்கலாம்.

இதைப் புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை என்பதுதான் எனக்கு நெஞ்சில் உறுத்தியது. பீனோபார்பிற்றோனை வலிப்புக்குக் கொடுக்கலாம் என்று ஜேர்மனியில் அல்பிரட் ஹௌப்மன் எழுதியது 1912 இல். பெனிற்றோயினை அமெரிக்காவில் மெரிற்றும் பற்னமும் 1938 இல் கொண்டுவந்தார்கள். இந்த மருந்துகள் எடுக்கும் பிள்ளைகளின் எலும்பு கெடுகிறது என்று ஜேர்மனியில் குறூஸ 1968 இல் எழுதினார். 1970 இல் லண்டனில் சாள்ஸ் டென்றும் கூட்டாளிகளும் பெரியவர்களிடமும் எலும்பு இளகுவதைப் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார்கள். வலை பொத்துகிறவர் முதல் குளிசையை விழுங்கியது அதற்குப் பத்து வருடம் கழித்து. நூலகத்தில் இருந்த அறிவு கொட்டியாரக்குடாவைக் கடந்து வரவில்லை. நானும் போய் எடுக்கவில்லை.

அவர் தேறினார். விற்றமின் டி, கல்சியம், தொடையில் ஒரு தகடு. நோவு மூன்று நான்கு மாதத்தில் குறைந்தது. தசையில் பலம் வர இன்னும் காலம் எடுத்தது. வலிப்பு மருந்தை டொக்டர் நிறுத்தவில்லை, ஒன்றை மட்டும் மெதுவாகக் குறைத்தார்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. அந்த வேகத்தில் நான் செய்த பிழையைச் சொல்லாவிட்டால் இதை எழுதி என்ன பயன்?

2009 ஏப்ரலில் பிரித்தானிய மருந்து ஒழுங்குபடுத்தும் அமைப்பு, காபமசெபின், பெனிற்றோயின், பிரிமிடோன், வல்புரோவேற் நீண்ட காலம் எடுப்பவர்களின் எலும்பு குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. அசையாமல் கிடப்பவர்கள், வெயில் படாதவர்கள், கல்சியம் குறைவாக உண்பவர்கள் ஆகியோருக்கு விற்றமின் டி கொடுப்பதை யோசிக்கச் சொன்னது. அதே வருடம்தான் கிண்ணியாப் பாலமும் திறந்தது. பாதைக்குக் காத்து நிற்காமல் ஆட்கள் வந்தார்கள், கிளினிக்கில் கூட்டம் கூடியது. அந்த எச்சரிக்கையை வாசித்த சூட்டில், அடுத்த வருடம், மூதூரிலிருந்து வந்த ஓர் உம்மாவிடம் உறையை நீட்டிக்கொண்டே சொன்னேன், "உம்மா, இந்தக் குளிசை எலும்பைத் தின்னும், கவனம்." வரிசை நீளமாக இருந்தது. அவ்வளவுதான் சொன்னேன்.

அவர் இருபத்தைந்து வருடமாகக் காபமசெபினும் பீனோபார்பிற்றோனும் எடுத்தவர். நாரி நோவுக்குப் பரியாரியிடம் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தவர். வீட்டுக்குப் போய் இரண்டு குளிசையையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டார். ஐந்தாம் நாள் வலிப்பு வந்தது. ஒன்று முடிய முன் மற்றது. பீனோபார்பிற்றோனைத் திடீரென்று விட்டால் அப்படி வரக்கூடும். அம்புலன்சில் கொண்டுவந்தார்கள், இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தார். கண் விழித்த பிறகு நான் போனேன். கோபிக்கவில்லை. "எலும்பத் திண்டுரும் எண்டு நீங்கதானே மகன் சொன்னீங்க. அதான் உட்டுட்டன்" என்றார். அந்த வலிப்பின் உலுக்கலில் அவருடைய முள்ளந்தண்டில் இரண்டு எலும்புகள் நசிந்திருந்தன. மூன்றாவது ஒன்று அதற்கு முன்பே, எப்போதென்று தெரியாமல், நசிந்து கிடந்தது. நாரி நோவு என்று எண்ணெய் பூசியது அதற்குத்தான்.

எலும்பைப் பற்றிப் பேசாமல் விட்டு ஒருவருக்குத் தொடை முறிந்தது. பேசிய விதத்தால் ஒருவருக்கு முள்ளந்தண்டு நசிந்தது. மருந்தாளரின் தொழில் எண்ணுவது என்று நான் நினைத்திருந்தேன். பாதித் தொழில் வாய்ச்சொல் என்பதை அந்தக் கட்டிலருகேதான் படித்தேன். இருபது நொடியில் சொல்ல வேண்டும், வரிசையில் நிற்பவருக்குச் சொல்ல வேண்டும், வீட்டுக்குப் போய் அவர் மனைவிக்கோ மகனுக்கோ திருப்பிச் சொல்லும்போது அர்த்தம் மாறாமலும் இருக்க வேண்டும். பல நாள் யோசித்து, சொல்லிச்சொல்லித் திருத்தி, கடைசியில் இப்படிச் சொல்லப் பழகினேன்: "இந்தக் குளிசையை ஒருநாளும் விடக்கூடாது. இதோட சேர்த்து எலும்பையும் பாக்க வேணும். குந்தி எழும்ப ஏலுதோ?" சொல்லும் ஒழுங்கு முக்கியம். விடக்கூடாது என்பது முதலில், எலும்பு இரண்டாவது, கேள்வி கடைசியில். கேள்வியில் முடித்தால் ஆள் பதில் சொல்லியே ஆகவேண்டும். பயந்துகொண்டு போகமாட்டார்.

அந்தக் கேள்வியோடு எனக்கு இன்னும் சில கேள்விகள் சேர்ந்தன. படி ஏறும்போது கைபிடி தேடுகிறீர்களா? சட்டை நீளம் கூடிவிட்டதுபோல் இருக்கிறதா? உயரம் குறைந்தவர்களுக்குத்தான் சட்டை வளரும். வலிப்புக்குப் பிறகு ஒரு கை தூக்க முடியாமல் இருக்கிறதா? வலிப்பின் உலுக்கலில் தோள் மூட்டு பின்பக்கமாக விலகும். முன்னிருந்து எடுக்கும் எக்ஸ்ரேயில் அது தப்பிவிடும். பக்கவாட்டிலும் எடுத்தால்தான் பிடிபடும். இன்னொன்றையும் டொக்டர்மாருக்குச் சொல்லுவேன். நன்றாக அடங்கியிருந்த ஒருவருக்குக் காரணமில்லாமல் வலிப்புத் திரும்பினால், மருந்தைக் கூட்டுமுன் கல்சியத்தைப் பாருங்கள். இரத்தத்தில் கல்சியம் மிகவும் இறங்கினால் அதுவே வலிப்பைக் கொண்டுவரும். மருந்தைக் கூட்ட, விற்றமின் டி இன்னும் இறங்கும். வலிப்புள்ளவர்களுக்கு எலும்பு முறிவு மற்றவர்களைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை கூட என்று ஆய்வுகள் சொல்லுவது, மருந்தும் விழுதலும் வீட்டுக்குள் இருத்தலும் இப்படிக் கைகோத்துக்கொள்வதால்தான்.

"நான் கல்சியம் எடுக்கிறன்தானே ஐயா" என்று பலர் சொல்லுவார்கள். உறையைப் பார்த்தால் 300 மில்லிகிராம் கல்சியம் லக்ரேற் இருக்கும். பிள்ளைத்தாய்ச்சிமாருக்குக் கிளினிக்கில் கொடுக்கும் அதே குளிசை. 300 என்று எழுதியிருப்பது லக்ரேற் உப்பின் நிறை. அதற்குள் இருக்கும் கல்சியம் ஏறத்தாழ 39 மில்லிகிராம். நாளுக்கு இரண்டு என்றால் 78. வளர்ந்தவருக்கு நாளுக்குத் தேவை 1000. அரைக்கோப்பைத் தயிரில் அதைவிடக் கூட இருக்கிறது. கல்சியம் காபனேற் 1250 மில்லிகிராம் குளிசையில்தான் 500 மில்லிகிராம் கல்சியம் வரும், அதைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். கல்சியத்தையும் பெனிற்றோயினையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் பெனிற்றோயின் சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். இரண்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று மணித்தியாலம் விட வேண்டும். மதியம் கல்சியம், இரவு வலிப்புக் குளிசை. உறையில் இதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பேன்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை எங்கள் மாவட்டம் கொடுத்துவைத்தது. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிர்ச் சட்டி. முள்ளோடு சப்பிச் சாப்பிடும் சூடை, நெத்தலி. 100 கிராம் குரக்கன் மாவில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம். முருங்கையிலை, எள்ளு. பால்மாதான் கல்சியம் என்று நம்பியிருந்த வீடுகள் 2022 இல் கஷ்டப்பட்டன. அந்த மார்ச்சில் 400 கிராம் பக்கெட் 790 ரூபாவானது, அதற்கும் வரிசை. அப்போது நான் ஜன்னலில் நின்றுகொண்டு நெத்தலிக்கு விளம்பரம் செய்தேன். கருவாட்டில் உப்புக் கூட, பிரசர் உள்ளவர்கள் பச்சை நெத்தலியாக வாங்குங்கோ என்பதையும் சேர்த்து.

வெயில் பற்றி ஒரு பிடிவாதமான நம்பிக்கை உண்டு, காலை இளவெயில்தான் நல்லது என்று. உடம்புக்கு இதமானது உண்மை. ஆனால் விற்றமின் டி உண்டாக்கும் கதிர் சூரியன் சரிந்திருக்கும்போது தரைக்கு வந்து சேருவது மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில் கையும் காலும் வெயிலில் படட்டும், கறுத்த தோலுக்கு இன்னும் கொஞ்ச நேரம் கூட, என்று சொல்லுவேன். உடம்பு முழுக்க மூடி உடுத்துகிறவர்கள் மதில் சுற்றிய கொல்லையில் இருக்கலாம். தனியே விடப் பயமென்றால் யாராவது கூட இருக்கலாம். கடலுக்கு விடாதீர்கள், முற்றத்துக்கு விடுங்கள். சிலருக்கு இது போதாது, டொக்டர் விற்றமின் டி குளிசை எழுதுவார். சிலருக்கு எலும்பு அடர்த்தி பார்க்க அனுப்புவார். லெவெற்றிரசெற்றம் போன்ற, ஈரலை முடுக்காத மருந்துகளுக்கு மாற்றவும் சிலருக்கு இடமுண்டு. ஆனால் பீனோபார்பிற்றோனை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன். விலை குறைந்த அந்தச் சின்ன வெள்ளைக் குளிசைதான் இந்தக் கரையில் எத்தனையோ பேரைத் தண்ணீரிலும் நெருப்பிலும் விழாமல் காத்தது.

2010 க்குப் பிறகு கிளினிக் நாட்களில் ஏழரைக்கு நான் வெளிநடையில் போய் நிற்பேன். ஜன்னல் திறக்க முன் கால்மணித்தியாலம், ஆட்கள் நடந்து வருவதைப் பார்ப்பேன். சக ஊழியர்கள் முதலில் என்ன இது என்றார்கள், பிறகு அவர்களும் வந்து நின்றார்கள்.

மூதூர் உம்மா இன்னும் இருக்கிறார். ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்போது, அறைக் கதவு நிலையில் அவருடைய உயரத்தைக் கரிக்கோடு போட்டு வைக்கச் சொல்லி மகனிடம் சொல்லியிருந்தேன். வருடத்துக்கொரு முறை பார்க்கிறார்கள். முதல் இரண்டு வருடம் கோடு இறங்கியது. பிறகு நின்றுவிட்டது. நான் ஓய்வுபெற்ற பிறகும் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லுவார். போன முறை கோட்டைப் பற்றிச் சொல்லிவிட்டு, ஒரு சந்தேகம் கேட்டார்.

"கல்சியக் குளிசயத் தயிர்ச்சோத்தோட எடுக்கலாமா மகன்?"

"எடுங்கோ உம்மா, பகல்ச் சாப்பாட்டோட. ராக் குளிசையோட மட்டும் வேண்டாம்."

"ராக் குளிச அங்கால வேற டப்பாவுல இரிக்கி" என்றார்.